ஓடையோர வழி

மலைக்கோயிலுக்கு நாள்கணக்கில் நடந்து வருபவர்கள் தங்கும் விடுதியில் சமையல்காரம்மா தனியாக இருந்தாள். நாலு வயதுப் பெண் குழந்தையோடு ஒருத்தி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா, மூணு நாளா ஒரு ஆள் எங்க பின்னாடியே வர்றான். பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிடுவான்."

காலில் கொப்புளம் கண்ட குழந்தை சுவரோடு ஒட்டி நின்றது. பேர் கேட்டும் வாய் திறக்கவில்லை.

"பயந்து போயிருக்கா" என்றாள் வந்தவள்.

சமையல்காரம்மா ரொட்டியைக் கையில் திணித்து, பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஓடையோரமாவே போ. வெளியாளுக்கு அந்த வழி தெரியாது."

சொன்னபடியே அவன் வந்தான். தாடியும் சிவந்த கண்களுமாய் வாசலில் நின்றான்.

"ஒரு பொம்பளையும் குழந்தையும் வந்தாங்களா?"

"ஈ காக்கா வரல."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் கதவை மறித்துக்கொண்டாள்.

அப்போது சரிவில் இன்னொருத்தி நொண்டிக்கொண்டே ஏறி வந்தாள்.

"என்னங்க, பாப்பா இங்கயாவது இருக்காளா?"

சமையல்காரம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். அதே நெற்றி, அதே மோவாய்க் குழி. குழந்தை இவளை அப்படியே உரித்து வைத்திருந்தது.

"ஓடைப் பக்கம் போனாங்க" என்றாள். "நான்தான் வழி காட்டினேன்."