கட்டைவிரல் நகம்

ஊசி போட்டு மரத்துப்போன மகளின் கன்னத்துக்குள் இன்னொரு ஊசி நுழைகிறது. வலி இல்லை, சத்தம்தான். கெட்டித் துணியைக் கிழிப்பதுபோல நறநறவென்று காதுக்குள்ளேயே கேட்கிறது. "பருத் தழும்பை அடியில நார் மாதிரி ஒண்ணு பிடிச்சு இழுக்குதும்மா. அதை அறுத்தாத்தான் பள்ளம் மேல வரும்," என்கிறார் டாக்டர். வெள்ளை விளக்கு கண்ணைக் குத்துகிறது. ரத்தம் காதோரம் வழிந்து தலையணையை நனைக்கிறது. "இப்படிக் கிள்ளி வச்சது யாரு?" தலைமாட்டில் நிற்கும் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருடம், ஞாயிறு தவறாமல், மகளின் தலையை மடியில் அமுக்கிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல் நகங்களால் ஒவ்வொரு பருவையும் நசுக்கியவள் அவள்தான். 'அசையாதடி, உன் நல்லதுக்குத்தான்' என்பாள். "நானேதான் டாக்டர்," என்கிறாள் மகள். அம்மாவின் கண் நிறைகிறது. டாக்டர் வேறு ஊசி எடுக்கத் திரும்புகிறார். அம்மா குனிகிறாள். முத்தம் கொடுக்க வருகிறாள் என்று மகள் கண்ணை மூடிக்கொள்கிறாள். நெற்றியில் இரண்டு நகங்கள் வந்து சேர்கின்றன. "இது ஒண்ணு மட்டும் நல்லாப் பழுத்திருக்குடி." மகள் அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துக் கட்டைவிரலைக் கடிக்கிறாள். நகம் பல்லுக்கடியில் நொறுங்குகிறது. அம்மா அலறுகிறாள். "அசையாதம்மா," என்கிறாள் மகள், விரலை விடாமலே.