லிங்க் கொடுக்கலாமா?

திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த பிரேம்குமார், ஊருக்கென்று ஒரு வெப்சைட் ஆரம்பித்திருந்தான். பஸ் நேரம், லாட்ஜ் விவரம் எல்லாம் போட்டாயிற்று. மலைக்கோயில் விழாக்களைப் பற்றி ஷண்முகசுந்தரம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் தனியாக ஒரு வெப்சைட்டில் எழுதிவந்தார். அதற்கு லிங்க் கொடுக்க அனுமதி கேட்டு, நாலு தடவை திருத்தி எழுதி ஒரு மெயில் அனுப்பினான்.

"போயும் போயும் ஒரு லிங்க்குக்கு நீ பர்மிஷன் கேட்டுகினு இருக்கியா?" என்று சிரித்தான் கூட்டாளி கோதண்டம்.

"அவரு எழுதினதுடா. கேக்கறதுதான் மரியாதை."

மறுநாள் காலையில், அந்த மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஷண்முகசுந்தரமே நேரில் வந்து நின்றார். பிரேம்குமார் பதறி எழுந்தான்.

"உக்காருங்க சார்."

"இருக்கட்டும். உங்க பேரைப் போடறேன், ஒரு வரிகூட காப்பி அடிக்க மாட்டேன், வேண்டாம்னா எடுத்துடறேன்னு எழுதியிருக்கேள். இவ்வளவு மரியாதையா எனக்கு யாரும் எழுதினதில்லை."

"உங்களுது சார். கேக்காம எப்படிங்க எடுக்கிறது?"

"அப்படியா?" கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "லிங்க்குக்குக் கேக்கவே வேண்டாம், தாராளமா குடுங்கோ. மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணு வித்யாவைக் கூட்டிண்டு போய் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டேளே, அன்னிக்கு ஏன் கேக்கலை, மாப்பிள்ளை?"

கோதண்டம் அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசல்வரை போனவர் நின்றார்.

"கிருத்திகைக்கு ரெண்டு பேரும் ஆத்துக்கு வாங்கோ. அதுக்கும் பர்மிஷன் கேட்டு மெயில் போட்டுண்டு இருக்காதீங்கோ."