கால் கட்டிய கோழி

மத்தகல்பா மலைச்சரிவில் வெயில் சாய்கிறது. கொல்லையில் சாக்கு விரித்து, காய்ந்த குத்துச்செடி பீன்ஸைக் கம்பால் அடித்துக்கொண்டிருக்கிறாள் தொமாசா. ஒவ்வோர் அடிக்கும் நெற்றுகள் படபடவென்று வெடித்துச் சிவப்பு விதைகள் தெறிக்கின்றன. படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு எர்மினியா வருகிறாள். அவள் கக்கத்தில் கால் கட்டிய ஒரு கோழி. போன வருஷம் தொமாசாவின் பீன்ஸ் முளைகளைக் கிளறித் தின்ற அதே கோழி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"இந்தாக்கா, குத்தவாளி. அறுத்துக் கொழம்பு வை."

"இந்தக் கெழட்டையா? வேக வைக்க ஒரு மலை வெறகு வேணும். வந்த விஷயத்தைச் சொல்லு."

எர்மினியாவின் குரல் இறங்குகிறது. "விதை பாட்டில்ல சாம்பல் போட மறந்துட்டேன். பூராவும் வண்டு. பத்து நாள்ல மழை பிடிச்சுக்கும். எங்கம்மா காலத்து விதை, இனி உங்கிட்டதான் இருக்கு. அவங்க உனக்குக் குடுத்தது."

தொமாசா கம்பைக் கீழே போடுகிறாள். தூசியை ஊதிவிட்டு, இரண்டு கை விதையை அள்ளி எர்மினியா இடுப்பில் கட்டிய முன்துணியில் போடுகிறாள். துணியை ஏந்திய அவசரத்தில் கக்கத்துப் பிடி நழுவுகிறது. சாக்கின் மேல் தொப்பென்று விழுந்த கோழி, படுத்தபடியே கழுத்தை நீட்டி ஒரு விதையைக் கொத்தி விழுங்குகிறது.

"பாருடி, கட்டிப் போட்டும் திருந்தல!" தொமாசாவுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கை அள்ளுகிறாள்.

"இந்தா, அது தின்னப்போறதுக்கும் சேர்த்து வெதை."