பெயரை வெட்டுமுன்

"நிமி மிக்கேல்."

மேடையிலிருந்து பிரின்சிபால் கூப்பிட்டார். யாரும் ஏறவில்லை.

கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் மேடைப் படிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. முன்னால் நின்றவன் திரும்பி அந்த இடைவெளியைப் பார்த்தான்.

விழா தொடங்கும்போதே மைக்கில் சொல்லிவிட்டார்கள். பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். வராதவர்கள் பட்டத்தை அப்புறம் ஆபீஸ் கவுண்டரில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கவுண்டரில் வாங்கினாலும் அதே எம்.எஸ்ஸி.தான். ஆனால் அம்மா கவுண்டரைப் பார்க்க வரவில்லை.

கடைசி வரிசை முழுக்க எங்கள் லயத்துப் பெண்கள். தேவிகுளத்துக்கு மேலே இருக்கிற தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளிலிருந்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு, ஜோஜோவின் ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக மலையிறங்கி வந்தவர்கள். அந்த மண்டபத்தில் எங்கள் நிறத்தில் ஒரு வரிசை நிறைந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நிமியை யார் படிக்க வைத்தார்கள் என்று கேட்டால் அந்த வரிசையைக் காட்டலாம்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு மலையாளத்தில் திணறியபோது, மூணாறில் கடை வேலை பார்த்த வனிதா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஹைஸ்கூல் நாட்களில் டூரிஸ்டுகள் காத்திருந்தாலும் ஜோஜோ முன் சீட்டை அவளுக்கு வைத்திருந்தான். பரீட்சை மாதம் வந்தால் லயத்தில் ஒரு டிவியும் சத்தம் போடாது. கல்லூரியில் தமிழச்சி என்று கேலியாக 'பாண்டி' என்று கூப்பிடுகிறார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தவளை, பக்கத்து வீட்டு ராசம்மாள் சோறு போட்டு, திட்டி, மறுநாளே ஜீப்பில் ஏற்றித் திருப்பி அனுப்பினாள்.

"நிமி மிக்கேல்."

இரண்டாம் தரம்.

அம்மா எழுந்தாள்.

எஸ்டேட்டில் விடிந்ததும் பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பெயர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் வெட்டிவிடுவார். வெட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் மேட்டில் மூச்சு வாங்க ஏறி வருகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்கிறவள் குரல் கொடுப்பாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா நின்ற வரிசை அது. பெயர் கூப்பிடுகிற இடம் எதுவானாலும் அவளுக்குப் பெரட்டுதான்.

"வந்துக்கிட்டே இருக்கா சார்! பேர வெட்டிராதீக!"

மண்டபம் மொத்தமும் திரும்பியது. முன் வரிசைகளில் சிரித்தார்கள்.

ராசம்மாளும் எழுந்தாள்.

"லேட்டுன்னா அரை நாளாச்சும் போட்டு விடுங்க சார்!"

அதற்கப்புறம் வரிசையே எழுந்தது. இருக்கா சார், வர்றா சார் என்று ஆளுக்கொரு குரல். அவர்கள் யாரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெயர் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரின்சிபால் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தவர் கூப்பிடவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு காத்திருந்தார்.

நிமி எங்கே என்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். வரிசையை விட்டு ஓடி வந்து, மண்டபத்துக்கு வெளியே, வராந்தாவில், என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றேன். விழா தொடங்கியதிலிருந்து அங்கேதான் நின்றிருந்தேன்.

ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அப்படியே ஜீப்பில் ஏறிய சட்டை. உடம்பெல்லாம் தேயிலை நெடி. அதைத்தான் காரணமாகச் சொன்னேன்.

அவள் நம்பவில்லை.

"நீ வரலைன்னா நான் மேடை ஏறலண்ணே. ஃபேக்டரி வாசலுக்கு மட்டுந்தான் ஒனக்குக் கால் போகுமா?"

இதே கல்லூரியில்தான் நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்தார். லயத்து வீடு நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். அம்மா தற்காலிகம். வீடு போனால் மலையிறங்க வேண்டும். நிமியின் பள்ளிக்கூடமும் போகும். அப்பாவின் இடத்தில் நான் சேர்ந்தேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இங்கே வகுப்பில் கொஞ்ச நாள் ஜினோ, ஜினோ என்று என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வெட்டிவிட்டார்கள். குரல் கொடுக்க அந்த வகுப்பில் எங்கள் லயத்து ஆள் யாரும் இல்லை.

உள்ளே அம்மாவின் குரல் மறுபடியும் கேட்டது.

கம்பியை விட்டேன்.

பக்கக் கதவு வழியாக உள்ளே போனோம். நிமி அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு மேடு ஏறுகிறவள் மாதிரி ஓடினாள். படியில் தடுக்கியது. விழவில்லை.

பிரின்சிபால் மைக்கிலிருந்து கையை எடுத்தார். அவள் பெயரை முதலிலிருந்து, முழுதாக, நிதானமாகப் படித்தார்.

கடைசி வரிசை இன்னும் உட்காரவில்லை. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. பெரட்டில் யாரும் கைதட்டுவதில்லை.

அம்மா நிமியின் கையில் இருந்த பட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மேடைப் பக்கம் திரும்பி, களத்துக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவு சத்தத்தில் சொன்னாள்.

"ஜினோவும் வந்துட்டான் சார்!"