வேர் பிடுங்கும் கொக்கி

டிராக்டரில் மாட்டும் இரும்புக் கருவிகள் வாடகைக் கடை வாசலில் கிடந்தன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று சீனியம்மாள் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"இது எம்புட்டு ஆழம் போகும்ணே?"

ஆழமாகப் போகும் என்றதையெல்லாம் அவள் தாண்டிப் போக, கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் ஆழமாப் போறதத்தான் கேப்பாக. நீ என்ன தாயி, போகாததத் தேடுற? கல்லு வாருற இந்தச் சீப்பு அரையடிதான் போகும். கருவேல வேரு அப்படியே நிக்கும். வேர் பிடுங்குற கொக்கி அந்தா கெடக்கு. மூணடி போகும்."

வெள்ளிக்கிழமைக்குள் வேரில்லாமல் உழுது காட்டாவிட்டால், கொடுத்த நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். யாரும் வேண்டாத அந்தக் கல்லுக்காட்டை அவள்தான் கேட்டு வாங்கினாள். ஒன்பது வருடங்களுக்கு முன், பிறந்து ஏழே நாளான மகளை அங்கேதான் புதைத்து, நரி தோண்டாமலிருக்க மேலே முள்ளும் கல்லும் வைத்தார்கள். இப்போது காடெங்கும் முள்ளும் கல்லும்தான். இடம் தெரியவில்லை.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு எம்புட்டு ஆழம் தோண்டுனீக?"

முத்திருளன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மெல்ல இறங்கி முழங்காலில் நின்றது.