மூன்றாவது பிளக்

லாரி எஞ்சினிலிருந்து கழற்றி வைத்த சிலிண்டர் ஹெட்டில் மூன்றாவது குழி மட்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் கிடந்தது. மெக்கானிக் ரங்கராசு விரலை விட்டுத் தடவினார். அரை அரிசி அளவில் வெள்ளைச் சில்லு ஒன்று விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. உடைந்து உள்ளே விழுந்த ஸ்பார்க் பிளக்கின் பீங்கான்.

பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் கேஸில் ஓடும் இந்த லாரிக்குப் புது பிளக் மாட்டும்போது, மூன்றாவது பிளக் கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்த பிளக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், மாட்டக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அதை ஊதி, சட்டையில் துடைத்து மாட்டிவிட்டார்.

"என் தப்புதானுங்ணா," என்றான் லாரிக்காரன் நாச்சிமுத்து. "ஓசூர்ல ஒருத்தன் பிளக்கைக் கழட்டித் தொடைச்சுத் தர்றேன்னான். விட்டுட்டனுங்க."

ரங்கராசு சில்லைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்துக்கொண்டார்.

"கண்டவனையெல்லாம் தொட விடாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அறிவு வேண்டாமாடா?"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. நாச்சிமுத்து தலை குனிந்துகொண்டான்.

வேறு ஹெட் வந்துசேர நாற்பது நாளானது. அதுவரை அவன் அடுத்தவன் லாரியில் கிளீனராகப் போய்வந்தான்.

இன்று புது பிளக்குகளைப் பிரித்தபோது, "இந்தத் தடவ எல்லாம் உங்க கையாலதானுங்ணா," என்றான். ரங்கராசு இரண்டை மாட்டி முடித்து, மூன்றாவதை எடுத்தார்.

நாச்சிமுத்து அருகே வந்து, அவர் கைக்குக் கீழே தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு நின்றான்.