ஆறு நொடிப் பேட்டி

இளநீர் வெட்டும் அரிவாளைக் கையில் பிடித்தபடியே சரோஜா கடையின் ஷட்டரை இறக்கினாள். உள்ளே இருட்டானது. காய்க்குலைகளுக்கு நடுவே பதுங்கியிருந்த அன்பரசனுக்கு, தானாக வந்து மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியது.

கிரிவலப் பாதையில் பலர் ஓடிவரும் சத்தம். ஷட்டர் அதிர்ந்தது.

"அக்கா, நான் பலராமன். டிவிக்காரன் ஒருத்தன் இந்தப் பக்கம் ஓடியாந்தானா?"

"வரலியேப்பா."

"பேட்டியை வெட்டி ஒட்டினவன்க்கா. அவனாலதான் ஊரே ரெண்டா நிக்குது. இன்னைக்குக் கை காலை எடுக்காம வுடறதில்ல. பட்டப்பகல்ல நீ ஏன் கடையை மூடிட்டே?"

"தலைவலி. வெயில்ல அலையாதீங்க, போய்ச் சாப்புடுங்க."

"சரிக்கா. உன் கையில கெடைச்சா நீயே அவனைச் சும்மா வுட மாட்டே."

காலடிகள் விலகின. அன்பரசனின் பற்கள் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"இம்மா நடுங்கறவன் எதுக்குப்பா மைக் புடிக்கறே?"

அவன் உடைந்தான். "தப்பு என்னுதுதாம்மா. 'தேர்தல்ல கண்ணாயிரம் ஜெயிச்சா ஏரியைத் தூர்த்துடுவாருன்னு சிலர் புரளி கிளப்பறாங்க, நான் நம்பல'ன்னுதான் பேட்டி குடுத்த அந்தம்மா சொன்னாங்க. முன்னும் பின்னும் வெட்டிட்டு, 'கண்ணாயிரம் ஜெயிச்சா ஏரியைத் தூர்த்துடுவாரு'ன்றதை மட்டும் அனுப்பிட்டேன். ஆறு நொடி. நாலு நாளா எல்லா சேனல்லயும் அதுதான் விவாதம். தெருக்குழாய்ல தண்ணி வரலன்னு அவங்க அழுதது எதுலயும் வரல."

சரோஜா இளநீர் ஒன்றை எடுத்து இரண்டே வெட்டில் சீவினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"அவங்க வீட்டு வாசல்ல கண்ணாயிரம் ஆளுங்க சாணியடிச்சாங்களாம். எதிர்க்கட்சிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு அந்தம்மா பொய் சொன்னாங்கன்னு ஊருக்கு ஊர் பேசறாங்களாம். கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் நீட்டிய இளநீரை வாங்கும்போது பாதி சட்டையில் கொட்டியது.

"அன்னைக்கு நாப்பது பேர்கிட்ட மைக் நீட்டினேன். அவங்க வெயிலுக்கு முந்தானையை முகத்துல இழுத்துப் போட்டிருந்தாங்க, முகம்கூடச் சரியாத் தெரியல. உயிரோட வெளிய போனா, முழுப் பேட்டியையும் போட்டுட்டு அவங்க கால்ல வுழணும். அவங்க வீடு எங்கன்னு தெரியுமாம்மா?"

சரோஜா முந்தானையால் அவன் சட்டையைத் துடைத்துவிட்டாள்.

"நான்தாம்ப்பா அது. மொதல்ல குடி."